'மருந்து திடமா, திரவமா?' - ஏழாயிரம்பண்ணை வீட்டில் ஒரு வீட்டுப்பாடம்!

மாலை ஆறு மணி தாண்டியிருக்கும். பயர் ஆபீஸ் வண்டி தெருமுனையில் ஆளை இறக்கிவிட்டுப் போகும் சத்தம் கேட்டதும், ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் நோட்டும் கையுமாகத் திண்ணைக்கு ஓடி வந்துவிட்டாள். அம்மா இன்னும் வாசலைக்கூட மிதிக்கவில்லை.

"யம்மா... மருந்து திடமா, திரவமா?"

"மொதல்ல கைகால் கழுவிக்கிறேன் தாயி. அங்கனயே நில்லு, மேல ஒட்டிக்கிறாத."

ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு வேலைக்குப் போகும் எந்த வீட்டிலும் இதுதான் நடைமுறை. வேலை முடிந்து வந்தவர் கொல்லைப்பக்கம் போய்க் குளித்து, சேலை மாற்றிய பிறகுதான் பிள்ளையைத் தொடுவார். காரணம், உடம்பெல்லாம் வெள்ளி பூசியதுபோல் அலுமினியப் பவுடர். நகக்கண், காது மடல், புருவம் என்று எங்கே பார்த்தாலும் மினுங்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் உள்ளங்கை ரேகைகளில் மட்டும் கொஞ்சம் தங்கிவிடும். சின்ன வயதில் மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா கையில நட்சத்திரம் இருக்கு" என்பாளாம்.

இப்போது அவள் கேட்பது வேறு கேள்வி. பள்ளியில் 'நம்மைச் சுற்றியுள்ள பருப்பொருள்கள்' பாடம் நடக்கிறது. நோட்டில் மூன்று கட்டங்கள் போட்டிருக்கிறாள். திண்மம், திரவம், வாயு. ஒவ்வொரு கட்டத்திலும் புள்ளி புள்ளியாகத் துகள்களை வரைய வேண்டும். கீழே வீட்டில் இருக்கும் பொருள்களிலிருந்து எடுத்துக்காட்டு எழுத வேண்டும். திண்மத்துக்கு அம்மிக்கல், திரவத்துக்குக் குடத்துத் தண்ணீர் என்று எழுதிவிட்டாள். வாயுவுக்கு 'காற்று' என்று எழுதி அடித்திருக்கிறாள். வகுப்பில் எல்லோரும் அதையே எழுதுவார்களாம்.

மருந்து என்று அவள் சொன்னது மாத்திரை மருந்தை அல்ல. சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரத்தில் மருந்து என்றால் பட்டாசுக்குள் போகிற கலவை. காய்ச்சலுக்குக் கொடுப்பது மாத்திரை, ஊசி.

அந்த அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். பத்து வயதில் தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போனவர். 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கியது இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தத் தொழில் அடுத்தடுத்த தலைமுறைகளில் எத்தனை குழந்தைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துக்கொண்டது என்பது அதே அளவுக்குத் தெரிந்த, ஆனால் குறைவாகப் பேசப்படுகிற கதை. பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று கெடுபிடி வந்தபோது அவருக்கு மறுபடி பள்ளிக்குப் போகும் வயது தாண்டியிருந்தது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகு பயர் ஆபீஸ்.

ஐந்தாம் வகுப்பு வரைதான் என்றாலும் கேள்விக்கு அவர் பதில் சொன்னார். அதுவும் அடுப்படியில், பச்சரிசி மாவு டப்பாவை வைத்துக்கொண்டு.

"இதக் கவுத்துறேன், பாரு."

மாவு சரசரவென்று தாம்பாளத்தில் ஓடி விழுந்தது. தண்ணீர் மாதிரி ஓடுகிறது. டப்பாவில் இருந்தால் டப்பா வடிவம், தம்ளரில் இருந்தால் தம்ளர் வடிவம். பாடப்புத்தகத்துக் கணக்குப்படி பார்த்தால் திரவம்தான். மகள் அப்படித்தான் சொன்னாள்.

"தண்ணின்னா தாம்பாளத்துல பரவிச் சமமா நிக்கும்ல? இது குமிஞ்சுகிட்டு நிக்குது பாரு."

நியாயம்தான். ஒவ்வொரு மாவுப் பொடியும் தனியாக எடுத்துப் பார்த்தால் ஒரு சின்னஞ்சிறு கல். அதற்குள் இருக்கும் துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு, இடம் மாறாமல், நின்ற இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கும். அதுதான் திண்மம். லட்சக்கணக்கான சின்னக் கற்கள் ஒன்றின் மேல் ஒன்று உருளுவதால் மொத்தமாகப் பார்க்கும்போது ஓடுவதுபோல் தெரிகிறது, அவ்வளவுதான். மணலும் அப்படி, உப்பும் அப்படி. வெடியுப்பு, கந்தகம், கரித்தூள், அலுமினியப் பவுடர் என்று மருந்தில் சேரும் அத்தனையும் அப்படியே. பொட்டாசியம் நைட்ரேட்டைத்தான் இங்கே வெடியுப்பு என்கிறார்கள். மருந்து திண்மம்தான். ஆனால் அரைத்த திண்மம்.

அரைத்தது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

வீட்டில் விறகடுப்பு மூட்டியவர்களுக்கு இது தெரியும். முழுக் கட்டையில் தீக்குச்சியைக் காட்டினால் குச்சிதான் அணையும். அதையே சிராயாகச் சீவினால் பிடித்துக்கொள்ளும். மரத்தூளை நெருப்பின் மேல் தூவினால் 'பக்'கென்று எரியும். மரம் ஒன்றுதான், காற்றுபடும் பரப்பு மட்டும் மாறுகிறது. ஒரு சென்டிமீட்டர் கனசதுரக் கட்டி ஒன்றுக்கு ஆறு பக்கமும் சேர்த்து 6 சதுர சென்டிமீட்டர் பரப்பு. அதையே ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் 1,000 துண்டு. மொத்தப் பரப்பு 60. இன்னும் பத்தில் ஒரு பங்காகப் பொடித்தால் 600. எடை ஒரு மில்லிகிராம்கூடக் கூடவில்லை. அலுமினியச் சட்டி அடுப்பில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது, எரிவதில்லை. அதே அலுமினியம் முகப்பவுடரைவிட நைசாக அரைபட்டு வந்தால் எந்தத் தீப்பொறிக்கும் காத்திருக்கும்.

அம்மாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. சல்லடை தெரியும். "கரகரன்னு இருக்குற மருந்து சாது. நைசா இருக்குறதுதான் மோசம்" என்றார் அவர்.

வாயு என்று வந்தபோது மகளுக்குத்தான் குழப்பம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படி வரைவது? புத்தகத்தில் கட்டத்துக்குள் ஆறேழு புள்ளிகள் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். "இவ்வளவு எடத்துக்கு ஆறு புள்ளிதானா? மிச்சத்துல என்ன இருக்கு?" என்றாள். மிச்சத்தில் ஒன்றுமே இல்லை என்பது பெரியவர்களுக்கே நம்பக் கஷ்டமான விஷயம். 200 மில்லி தம்ளர் தண்ணீரை முழுக்கக் கொதிக்கவைத்து ஆவியாக்கினால் அது சுமார் 340 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். தண்ணீரில் தோளோடு தோள் உரசிக்கொண்டிருந்த அதே துகள்கள்தான். புதிதாக ஒன்றுகூடப் பிறக்கவில்லை. ஒன்றையொன்று விட்டு விலகி, பறந்து, மோதி, திரும்பி, மறுபடி மோதி அலைகின்றன. நாம் மூச்சு விடுகிற காற்றிலுள்ள துகள்களின் சராசரி வேகம் நொடிக்கு 500 மீட்டருக்குப் பக்கம்.

பட்டாசு செய்கிற வேலை மொத்தமும் இந்த மாற்றத்தை ஒரு காகிதக் குழாய்க்குள் அடைத்து வைப்பதுதான். திரி வழியாக நெருப்பு உள்ளே போனதும் வெடியுப்பு ஆக்ஸிஜனை விட்டுக்கொடுக்கிறது. கரியும் கந்தகமும் எரிகின்றன. கண் இமைக்கும் நேரத்தில், குழாய்க்குள் அடங்கிக் கிடந்த திண்மத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானது வாயுவாகிவிடுகிறது. அந்த வாயு 2,000 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் ஆயிரக்கணக்கான மடங்கு இடம் கேட்கிறது. இடம் இல்லை. துகள்கள் குழாயின் சுவரில் மோது மோதென்று மோதுகின்றன. சுவர் கிழிகிறது. அந்தக் கிழிசல்தான் 'டமார்'.

புஸ்வாணத்துக்கு ஏன் அந்தச் சத்தம் இல்லை என்று மகள் கேட்டாள். அம்மாவிடம் தயாராகப் பதில் இருந்தது. "அதுக்கு வாய் தொறந்திருக்குல்ல? வாய மூடுனாத்தான வெடி. அணுகுண்டுக்குச் சணலப் போட்டு இறுக்கிச் சுத்துறது எதுக்குன்ற?"

சரி, அப்படியானால் தரையில் கொட்டிக் கிடக்கும் மருந்துக்குச் சுவரே இல்லையே, அது ஏன் வெடிக்கிறது? பேன்சி ரகத்துக்கும் வெடிக்கும் போகிற அலுமினிய மருந்தின் கொடுமை இதில்தான் இருக்கிறது. ஒரு சிட்டிகை என்றால் மின்னலடித்துவிட்டுப் போய்விடும். குவியலாகக் கிடந்தால் மேலே இருக்கும் மருந்தின் கனமே கீழே இருக்கும் மருந்துக்கு மூடியாகிவிடும். குவியல் தனக்குத்தானே குழாய். அதனால்தான் ஒவ்வொரு ரூமுக்கும் இத்தனை கிலோவுக்கு மேல் மருந்து வைக்கக் கூடாது என்று விதி.

விபத்துச் செய்திகளில் ஒரு சொல் எப்போதும் வரும்: உராய்வு. 'மருந்தில் ஏற்பட்ட உராய்வு காரணமாக' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். எது எதோடு உராய்ந்தது, ஏன் உராய்ந்தது, உராய்ந்த இடத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையெல்லாம் கேட்காமல் அடுத்த பத்திக்குப் போய்விடுவோம். உராய்வு என்பது இரண்டு திண்மங்களின் மேல்பரப்புத் துகள்கள் ஒன்றையொன்று தேய்த்து, அதிர்வு கூடி, சூடாவது. உள்ளங்கையை உள்ளங்கையோடு தேய்த்தால் வருகிற அதே சூடுதான். மருந்தில் ஒரு மணல் பொடி கலந்திருந்தால் போதும், அந்தச் சூடு ஒரே புள்ளியில் குவிந்துவிடும். அதனால்தான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார்கள். இரும்புக் கரண்டி, இரும்பு வாளி கூடாது.

அதில் இன்னொன்றும் இருக்கிறது. நைலான் சேலை தேகத்தில் உரசும்போது மின்னூட்டம் சேரும்; காற்றில் ஈரம் குறைந்த நாள்களில் அதிகமாகச் சேரும். பிளாஸ்டிக் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத்துண்டை இழுப்போமே, அதே சங்கதி. விரல்நுனியிலிருந்து தாவுகிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும். இதற்காக வாசலில் செம்புத் தகடு பதித்து, தொட்டுவிட்டு உள்ளே போகச் சொல்வார்கள். பருத்திச் சேலைதான் உடுத்த வேண்டும் என்பார்கள். பருத்திச் சேலை விலை அதிகம், வெளுப்பதும் சிரமம். நைலக்ஸ் துவைத்தவுடன் காய்ந்துவிடும். அந்த அம்மாவிடம் வேலைக்கென்று இருப்பவை நான்கு சேலைகள். அவற்றில் பருத்தி இரண்டு.

திரவக் கட்டத்தை மகள் லேசாக எடுத்துக்கொண்டாள். தண்ணீர் எழுதியாகிவிட்டது, அவ்வளவுதானே! ஆனால் அன்றைக்கு அம்மா அதிக நேரம் பேசியது தண்ணீரைப் பற்றித்தான்.

தண்ணீர் நெருப்பை அணைக்கும். ஆகவே மருந்து ரூமில் தண்ணீர் நல்லது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் அப்படித்தான் நினைத்திருந்தார். வாசல்தோறும் வாளியில் தண்ணீர் இருக்கிறது, கை கழுவுகிறார்கள், தரையைக் கழுவுகிறார்கள். ஆனால் அரைகுறையாய் நனைந்த மருந்து வேறு. திரவத்தில் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வழுக்கி நகரும். எந்தச் சந்தில் இடம் கிடைத்தாலும் நுழையும். கோடையில் பாளம்பாளமாய் வெடித்துக் கிடக்கும் கரிசல் நிலம் ஒரு மழைக்கு ஊறி, செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் அளவுக்குப் பசையாவது அப்படித்தான். ஈரம் அலுமினியப் பவுடருக்குள் நுழைந்தால் அங்கே ஒரு வேதிவினை தொடங்கும். மெதுவாகச் சூடு பிறக்கும். திறந்த இடத்தில் சூடு ஓடிவிடும். மூட்டையாகவோ குவியலாகவோ கிடந்தால் ஓட வழியில்லை. சூடு வினையை வேகப்படுத்தும், வினை சூட்டைக் கூட்டும். யாரும் தொடாமலே, எதுவும் உராயாமலே, ராத்திரியில் தானாகப் பிடித்துக்கொள்ளும். இதைத் தடுக்கக் கொஞ்சம் போரிக் ஆசிட் சேர்ப்பதுண்டு. அதைவிடப் பெரிய பாதுகாப்பு, அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே முடித்துவிடுவது. மிச்சம் வைக்கக் கூடாது.

"நேத்து மருந்துன்னா எங்களுக்குப் பாம்பு மாதிரி" என்றார்.

அப்படி ஒரு பாம்பை அவர் பார்த்திருக்கிறார். பார்த்தார் என்பதைவிட மோந்தார் என்பதுதான் சரி. சில வருடங்களுக்கு முன், ஐப்பசி அடைமழைக்கு இரண்டு நாள் வேலை நின்று, மூன்றாம் நாள் காலையில் எல்லோரும் போனார்கள். ரூம் கதவைத் திறந்ததும் கொல்லைப்பக்கத்து நெடி மாதிரி ஒன்று மூக்கில் ஏறியது. மற்றவர்கள் எலி செத்துக் கிடக்கும் என்றார்கள். இவருக்குச் சந்தேகம். தீப்பெட்டி ஆபீஸ் காலத்திலிருந்து மூக்கு பழகியிருந்தது. போர்மேனைக் கூட்டிவந்து காட்டினார். மூலையில் ஒரு காகித மறைப்புக்குப் பின்னால் கட்டிதட்டிய மருந்து கொஞ்சம், தொட்டால் சுடும் நிலையில் இருந்திருக்க வேண்டும். யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. போர்மேன் நெடியை உறுதிசெய்துகொண்ட மறுநொடி, "எல்லாரும் கேட்டுக்கு ஓடுங்க" என்றார். பக்கத்து ரூம்களும் காலியாயின. முக்கால் மணி நேரம் கழித்து அந்த ரூமின் கூரை போனது. மனிதர் யாருக்கும் ஒன்றும் இல்லை.

அந்த நெடி அமோனியா. வெடியுப்பும் அலுமினியமும் ஈரத்தில் வினைபுரியும்போது வருவது. நாலு திசையிலும் பறந்த வாயுத் துகள்களில் சில அவர் மூக்கு வரை வந்து சேர்ந்ததால் பதினைந்து இருபது பேர் அன்று மாலை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மகளுக்கு இந்தக் கதை அதுவரை தெரியாது. அப்பாவுக்குக்கூடத் தெரியாதாம். "சொன்னா வேலைக்குப் போக வேண்டாம்பாரு. போகாட்டி?" என்று கேட்டுவிட்டு அவர் அரிசி களையப் போனார்.

மகள் வாயுக் கட்டத்துக்குக் கீழே எழுதினாள்: 'நெடி'.

வீட்டில் இருக்கும் அப்பத்தாவுக்கும் துகள் பாடத்தில் ஒரு பங்கு உண்டு. அவருக்குத் தெரிந்தது சத்தம். வெடிச்சத்தம் கேட்டால் ஊரில் எல்லோரும் மாடிக்கு ஓடுவார்கள். எந்தப் பக்கம் புகை என்று பார்ப்பார்கள். அப்பத்தா புகையைப் பார்த்துக்கொண்டே எண்ண ஆரம்பிப்பார். ஒரு விபத்து ஒரே வெடியோடு நிற்பது அபூர்வம். அடுத்தடுத்த ரூம் பிடிக்கும். புகை குபுக்கென்று எழும்புவது கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். சத்தம் நடந்து வரும். காற்றில் ஒரு துகள் பக்கத்துத் துகளை இடித்து, அது அதற்கடுத்ததை இடித்து, கைமாற்றிக் கைமாற்றி வருகிற அந்த இடி நொடிக்கு சுமார் 340 மீட்டர் வரும். ஒரு கிலோமீட்டருக்கு மூன்று நொடி. அப்பத்தாவுக்கு மீட்டர் தெரியாது. "மூணு எண்ணுனா இந்தா இருக்கு. பதினஞ்சு எண்ணுனா தூரம்" என்பதுதான் அவர் சூத்திரம்.

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. கொரோனா காரணமாகச் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்காத நேரம். மகள் வீட்டில் அப்பத்தாவோடு இருந்தாள். மதியச் சாப்பாட்டு வேளைக்கு அந்தச் சத்தம் வந்தது. ஏழாயிரம்பண்ணையை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து, 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த நாள் அது. பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியேறிய அப்பத்தா, புகையைப் பார்த்து எண்ணினார். மருமகள் வேலைசெய்யும் இடம் அந்தத் திசை இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் எண்ணினார். ஒவ்வொரு புகைக்கும் எண்ணினார்.

பயர் ஆபீஸுக்குள் செல்போன் கொண்டுபோக அனுமதி கிடையாது. அதனால் போன் பண்ணிக் கேட்க வழியில்லை. தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் ஆள்கள் நின்றார்கள். ஆம்புலன்ஸ் போகிற சத்தம் மட்டும் கேட்டபடி இருந்தது. சாயங்காலம் கம்பெனி வண்டி வந்து இவர் இறங்கியபோது மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அன்று ஒருநாள் மட்டும் அவர் 'ஒட்டிக்கிறாத' என்று சொல்லவில்லை. அதே வண்டியில் வந்த இன்னொருவர் வீட்டுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். அவருடைய தங்கை அச்சங்குளத்தில் வேலை பார்த்தவர்.

அந்த நாளில் காற்றில் மிதந்த புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். புகை என்றால் வாயு என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. பழைய முறைக் கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கும் மேல் திடப் பொடியாகவே வெளியேறுகிறது. அலுமினியம் எரிந்தால் வெள்ளை அலுமினிய ஆக்ஸைடு, அதுவும் திண்மம். காற்றுத் துகள்கள் எல்லாப் பக்கமும் இடித்துக்கொண்டே இருப்பதால் அந்த நுண்பொடி கீழே விழாமல் மணிக்கணக்கில் மிதக்கிறது. தீபாவளிக்கு மறுநாள் செய்தியில் வரும் 'பி.எம். 2.5' என்பது இந்த வகைதான். 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள்கள். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட வராது.

2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, இங்கே 'பச்சை உப்பு' என்று வழங்கும் பேரியம் நைட்ரேட்டுக்குத் தடை வந்த பிறகு, நாக்பூரிலுள்ள நீரி ஆய்வு நிறுவனம் பசுமைப் பட்டாசுக் கலவைகளை உருவாக்கிக் கொடுத்தது. அதில் ஒன்றான 'ஸ்வாஸ்' வெடிக்கும்போதே நீராவியை வெளியிட்டு, பறக்கும் பொடியை அமுக்கிவிடும் யோசனையில் செய்யப்பட்டது. வெளியே மிதக்கும் துகளைப் பற்றி நாட்டில் நிறைய வழக்கு, நிறைய ஆராய்ச்சி. நல்லதுதான். உள்ளே, செய்கிறவர்கள் உட்கார்ந்திருக்கும் ரூமைப் பற்றி அதில் பாதியாவது நடந்திருக்கலாம்.

வீட்டுப்பாடத்துக்கு வருவோம். மூன்று கட்டங்களும் நிரம்பிவிட்டன. கடைசிக் கேள்வி ஒன்று பாக்கி: 'துகள்களின் அமைப்பை உன் சொந்த எடுத்துக்காட்டால் விளக்குக.' மகளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவும்போது அம்மாதான் சொன்னார்.

"காலைல எங்க வண்டியப் பாத்திருக்கல்ல? நிக்கக்கூட எடம் இருக்காது. ஒருத்தர் மேல ஒருத்தரு. வண்டி குலுங்குனா நாங்களும் நின்ன எடத்துலயே குலுங்குவோம். அது திடம். மத்தியானம் சோத்து நேரம் வேப்பமரத்தடிக்கு வருவோம். பேசிக்கிட்டே அங்கிட்டும் இங்கிட்டும் நகருவோம். ஆனா கூட்டத்த விட்டுப் போகமாட்டோம். அது தண்ணி. சாயங்காலம் கேட்டத் தொறந்துட்டா அவ அவ வீட்டப் பாத்து ஓட்டந்தான். அது வாயு."

மகள் அப்படியே எழுதிக்கொண்டாள். எழுதிக்கொண்டே கேட்டாள். "அப்ப ரூமுக்குள்ள வேல பாக்கும்போது நீங்க என்ன?"

மருந்து வேலை நடக்கும் ரூமின் வெளிச்சுவரில் பெயின்ட்டில் எழுதியிருக்கும்: ஆட்கள் 4. அதற்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் இடைவெளி இருக்க வேண்டும். ரூமுக்கு எதிரெதிராகக் கதவுகள், வெளிப்பக்கம் திறப்பவை. வெடிபொருள் விதிகள் பக்கம் பக்கமாக இருந்தாலும் சாரம் இதுதான்: மருந்தையும் மனிதரையும் தள்ளித் தள்ளி வை. ஒன்று போனாலும் மற்றது தப்ப வேண்டும்.

"நாலு பேருன்னா வாயும்மா. தள்ளித் தள்ளி இருப்பீங்க. நெறைய பேருன்னா திண்மம். கதவுகிட்டப் போகணும்னாகூட ஒருத்தரத் தாண்டித்தான போகணும்?" என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

அம்மா பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். ஒன்றும் பேசவில்லை. தீபாவளி ஆர்டர் நெருங்கும் மாதங்களில் பல இடங்களில் நாலு நாலாக இருக்காது என்பது இந்தச் சுற்றுவட்டாரத்தில் ரகசியம் அல்ல. எண்ணிக்கைக்குக் கூலி, கை கூடினால் பெட்டி கூடும். அவருடைய ரூமிலும் போன வருடம் புரட்டாசியில் ஏழு பேர் உட்கார்ந்தார்கள். மரத்தடியில் சாக்கு விரித்தும் வேலை நடந்தது. வாசல் பக்கம் உட்கார்ந்துகொள்ள ஒரு போட்டியே இருக்கும். வயதானவர்கள் அந்த இடத்தை இளையவர்களுக்கு விட்டுக்கொடுப்பார்கள். "நீ பிள்ள குட்டிக்காரி, நீ அங்கன இரு" என்று சொல்லிவிட்டு உள்மூலைக்குப் போய்விடுவார்கள்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு அவர் கிளம்பினார். கொடியில் நைலக்ஸ் சேலை காய்ந்து கிடந்தது. பருத்திச் சேலையில் ஈரம் முழுசாக உலரவில்லை. கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்துவிட்டு, ஈரச் சேலையை உதறிக் கட்டிக்கொண்டார். அப்பத்தா, "சளி பிடிக்கப்போகுது" என்றார்.

இப்போதெல்லாம் சாயங்காலம் அவர் குளித்துவிட்டு வந்ததும் மகள் கேட்கிற முதல் கேள்வி மாறிவிட்டது. "இன்னைக்கு எத்தன பேரும்மா?"

"நாலு" என்று பதில் வந்தால் தலையாட்டிவிட்டுப் படிக்கப் போய்விடுவாள். ஒருநாள் "அஞ்சு" என்றார். மகள் நோட்டை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"புதுசா ஒரு பிள்ள வந்துச்சு. போர்மேன் எங்க ரூமுக்கு அனுப்பிட்டாரு. நான் செத்த நேரம் வெளிய வந்து நின்னுட்டேன். சோத்து நேரத்துக்குப் பெறகு அந்தப் பிள்ளைய வேற ரூமுக்கு மாத்துனாங்க."

"கூலி?"

"பாதிதான்" என்றார் அவர், கொத்தமல்லியைக் கிள்ளிக்கொண்டே.